புழுப்பெட்டி

அழகர்சாமி வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு ஒரு தேயிலைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது எண்பத்தேழாம் வருஷம் ஏப்ரலில். லோதி ரோடு சர்க்கார் குவார்ட்டர்ஸில் அவர்கள் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. அவர்களுக்குப் பின்பக்கம் ஒரு துண்டு முற்றம் உண்டு. எங்களுக்கு அந்த முற்றத்தைப் பார்க்கிற பால்கனி உண்டு. ஆகவே நான் சொல்வதில் பாதி நானே பார்த்தது, மீதி ருக்கு கீழே போய்க் கேட்டுவந்து சொன்னது. ருக்கு என் மனைவி. காதில் விழுந்ததைக் கீழே விழ விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அழகர்சாமி மத்திய சர்க்கார் இலாகா ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வீட்டில்கூட ஃபைலில் குறிப்பு எழுதுகிற மாதிரிதான் பேசுவார். அவர் மனைவி வடிவு டெல்லிக்கு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. காய்கறிக்காரனோடு இந்தியில் சண்டை போட்டு ஜெயிப்பாள். ஆனால் வாயைத் திறந்து தமிழ் பேசினால் நேற்றுத்தான் ரயிலைவிட்டு இறங்கியவள் போல இருக்கும். ஒரே பெண் ஜலஜா இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

வடிவுக்கு ஓர் அண்ணன், இராஜமாணிக்கம். சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் லீவில் ஊருக்குப் போனபோது, "ஜலஜா ஒன் வீட்டுக்குத்தாண்ணே" என்று வடிவே வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அண்ணன் மகன் இப்போது பி.காம். முடித்துக் கடையில் உட்கார்ந்துவிட்டான். ஆவணியில் முடித்துவிடலாம் என்று கடிதம் வந்தது.

அதே வாரம்தான் ஜலஜா புழுவைக் கொண்டுவந்தாள். வீட்டுக் குப்பையை மண்புழு வைத்து உரமாக்குவது பற்றி அவளுக்குக் காலேஜில் பாடம் எடுத்த மேடம் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தாள். அதில் இரண்டே இடம், கேட்டவர்கள் எட்டுப் பேர். மேடம் பஞ்சாபிக்காரி, கெட்டிக்காரி. ஆளுக்கொரு சட்டி புழுவைக் கொடுத்து, வீட்டில் வளருங்கள், டெல்லி வெயிலைத் தாண்டி ஆகஸ்டில் யார் பெட்டியில் முட்டையும் குஞ்சும் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டாள்.

அழகர்சாமி மச்சான் கடிதத்தையும் மேடம் நிபந்தனையையும் ஒரே ஃபைலில் போட்டார். "எடம் கெடச்சா ரெண்டு வருசம் படி. கெடைக்கலன்னா ஆவணில கலியாணம். சம்மதமா?"

"அச்சா" என்றாள் ஜலஜா.

"நல்லாருக்கு நாயம்" என்றாள் வடிவு. "யூரியா விக்கிற வீட்டுக்கு வாக்குக் கொடுத்துட்டு, இங்க புழு என்ன சொல்லுதுன்னு பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்."

ஆர்.கே.புரத்திலிருந்து வீடு மாறியபோது பாத்திரம் அடைத்துக்கொண்டு வந்த தேயிலைப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. ஜலஜா அதன் அடியில் ஓட்டை போட்டு, நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தாள். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு செங்கல்லுக்கும் அடியில் ஒரு பழைய தட்டு, தட்டில் தண்ணீர். கோட்லா முபாரக்பூர் எருமைக் கொட்டிலிலிருந்து ஆறின சாணி வந்தது. பழைய பேப்பரைக் கிழித்து நனைத்துப் பிழிந்து மெத்தை போட்டு, மேலே சாணி, அதற்கு மேல் புழு, அதற்கும் மேல் ஈரச் சாக்கு. சட்டியிலிருந்து கொட்டும்போது நானும் எட்டிப் பார்த்தேன். நம் ஊர் மழைக்காலத்துப் புழு மாதிரி தடியாக இல்லை. மெலிசாக, சிவப்பாக, பரபரவென்று இருந்தது.

மறுநாள் காலை பால் வாங்க இறங்கினால் முற்றத்துச் சிமெண்டில் ஐம்பது அறுபது புழு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜலஜா ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டு நின்றாள். வடிவு வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "புகுந்த வீடு புடிக்கல போலுக்கு" என்றாள். ஜலஜா அடுத்த புழுவை எடுத்தாள்.

புது இடத்தில் புழு நிலைகொள்ளாது, வெளியே ஓடப் பார்க்கும், வெளிச்சத்துக்குப் பயம் என்பதால் மேலே விளக்கு எரிந்தால் அடியிலேயே கிடக்கும் என்று மேடம் சொன்னாளாம். அழகர்சாமி ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறையிலிருந்து ஒயர் இழுத்து, பெட்டிக்கு மேல் நாற்பது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். நாலு ராத்திரி அது எரிந்தது. அதன் பிறகு ஒன்றும் வெளியே வரவில்லை. புழு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஜலஜா காலையில் டைப்ரைட்டிங் கிளாஸ், அப்புறம் லைப்ரரி என்று போய்விடுவாள். பெட்டிக்குத் தீனி போடுகிற வேலை வடிவுக்கு வந்தது. கலியாணத்தை நிறுத்துகிற புழுவாக இருந்தாலும் பசித்த வாய் என்றால் வடிவுக்குத் தாங்காது. காய்த்தோல், தேயிலைத் தூள், கீரைத் தண்டு என்று எல்லாவற்றையும் பொடிப்பொடியாக அரிந்து போடுவாள். வீணாக்குவதும் அவளுக்கு ஆகாது. குழம்புக்கும் ரசத்துக்கும் கரைத்த புளியின் சக்கையைச் சேர்த்து வைத்துப் பித்தளைப் பாத்திரம் தேய்ப்பாள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு இரண்டையும் அதனாலேயே தேய்த்துப் பளபளவென்று நிறுத்துவாள். முன்பெல்லாம் தேய்த்த சக்கை குப்பைக்குப் போகும். இப்போது பெட்டிக்குப் போயிற்று. போதாதென்று ருக்குவும் எங்கள் வீட்டுப் புளிச்சக்கையை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, "எறியறதுக்கு அதுகளாவது திங்கட்டுமே" என்று தினம் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். புண்ணியத்தில் எங்களுக்கும் பங்கு.

மே மாதம் இரண்டாவது வாரம் ஜலஜா சாக்கை விலக்கிக் கிளறிப் பார்த்தாள். புளிச்ச வாடை பால்கனி வரைக்கும் வந்தது. பாதிப் புழுவைக் காணோம். மிச்சமிருந்தவை ஒரு மூலையில் வெளிறிப்போய்ச் சுருண்டு கிடந்தன.

"அம்மா, இதுல என்ன போட்டே?"

"என்னத்தப் போட்டேன். காய்த்தோலி, தேயிலத் தூளு, புளிச்சக்க."

"புளி நான் சொல்லவே இல்லையே."

"சமையக்கட்டுல மிஞ்சுறது பூராம் போடலாம்னு சொன்னேல்லா. புளி என்ன அடுத்த வீட்டுச் சமையக்கட்டுலருந்தா வருது?"

அடுத்த வீட்டிலிருந்தும் வந்தது என்பதை நானும் ருக்குவும் மேலிருந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நீ ஜான் பூஜ்கே பண்றே" என்றாள் ஜலஜா. "மாமா வீட்டுக்கு நான் போகணும்னு."

வடிவு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "என்ன சொன்ன? தமிழ்ல சொல்லு."

"வேணும்னே பண்றே."

இந்தியில் சொன்னதே வடிவுக்குப் புரிந்திருக்கும். பெற்ற மகள் வாயிலிருந்து அதைத் தமிழில் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. கேட்டாயிற்று. "சரிட்டி" என்றாள். "இனி அந்தப் பொட்டிப் பக்கம் நான் வந்தா என்னன்னு கேளு." உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் புளி கம்மியாக இருந்ததாக அழகர்சாமி மறுநாள் என்னிடம் சொன்னார். அவருக்குத் தெரிந்த சேதி அவ்வளவுதான்.

மேடத்திடம் ஜலஜா ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த எருவை எடுத்துப்போனாள். மேடம் முகர்ந்து பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாளாம். மற்ற ஏழு வீடுகளும் சுரைக்காய்த் தோலும் டீத்தூளும் போடுகிற வீடுகள். தினம் இரண்டு வேளை புளி கரைக்கிற வீடு இது ஒன்றுதான். அந்தப் புளிப்பைப் புழுத் தோல் தாங்காது, பித்தளையின் பச்சைக் களிம்பு அதைவிட விஷம் என்று சொல்லி, இன்னும் ஒரே ஒரு கைப்பிடி புழுவைக் கொடுத்தாள். இதுதான் கடைசி, இனி இல்லை என்றும் சொல்லி அனுப்பினாள்.

அம்மா வேண்டுமென்று செய்யவில்லை என்பது ஜலஜாவுக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தமிழ் போதவில்லை, இந்தியில் கேட்க வெட்கம். ஆகவே ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, முட்டை ஓட்டை இடித்துத் தூவி, புது மெத்தை போட்டு, மறுபடி பல்பு கட்டி முதலிலிருந்து ஆரம்பித்தாள். தாயும் மகளும் "சாப்பிட வா", "தண்ணி வந்துட்டு" என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை என்று ருக்கு தகவல் கொண்டுவந்தாள்.

அந்த ஜூன் மாதத்தை டெல்லியில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆகாயத்தில் மேகம் என்பதே இல்லை. காலையில் ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வரும். பத்து மணிக்கெல்லாம் அனல் காற்று கதவைத் தட்டும். எனக்கு மஞ்சள் காமாலை. ஒரு மாதம் லீவு போட்டு, மோரைக் குடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் கிடந்தேன். அப்போதுதான் மேடம் ஜலஜாவை ஐந்து நாள் கர்னாலுக்குக் கூட்டிப்போனாள். கிராமத்துக் கொட்டில்களைப் பார்க்கிற வேலை. எட்டுப் பேரும் போயாக வேண்டும்.

ஜலஜா பெட்டியை அப்பாவிடம் ஒப்படைத்தாள், அம்மாவிடம் இல்லை. மூன்று வேளை சாக்கை நனைக்க வேண்டும், அவ்வளவுதான். அழகர்சாமி முதல் நாள் ஒழுங்காகச் செய்தார். இரண்டாம் நாள் அவருடைய இலாகாவில் வறட்சிக்காக அவசரக் கூட்டம் போட்டார்கள். காலை ஏழுக்குச் சைக்கிள் ஏறியவர் ராத்திரிதான் வந்தார். அன்றைக்கு எப்படியோ தப்பித்தது. மூன்றாம் நாளும் அதே கூட்டம்.

மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பெட்டி மதில் நிழலில் இருக்கும். அதற்குப் பிறகு வெயில் நேராக அதன் மேல் இறங்கும். இரண்டு மணிக்குச் சாக்கு அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது எனக்கு மேலிருந்தே தெரிந்தது. நாலு மணிக்குள் முடிந்துவிடும், யார் மேலும் பழி வராது என்று நினைத்துக்கொண்டேன். நான் இறங்கிப் போய் ஒரு சொம்பு ஊற்றியிருக்கலாம். அடுத்த வீட்டுக் கல்யாண விஷயத்தில் தண்ணீர் ஊற்ற நாம் யார் என்று படுத்துக் கிடந்தேன். இதை இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வடிவு கதவைத் திறந்து வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்ப வந்தாள். இந்தத் தடவை சாக்கின் ஓரத்தைத் தூக்கி உள்ளே குனிந்து பார்த்தாள். மறுபடி உள்ளே போனவள், காற்று குளிரக் கூலரில் வைத்திருந்த வெட்டிவேர்த் தட்டியையே பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதைப் பெட்டி மேல் சாய்த்து நிழல் கட்டி, குளிக்கப் பிடித்து வைத்திருந்த அரை வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித் தெளித்தாள்.

"என்னம்மா, கூலரையே கழட்டிட்டேளா?" என்று குரல் கொடுத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். "பாத்துக்கிட்டுதான் இருந்தியளா சார்?"

"பார்த்துண்டுதான் இருந்தேன்."

"நானுந்தான் நேத்துலருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். சும்மா இருந்தாப் போதும், எங்க அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு நிக்கும்னு மனசு சொல்லத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"தூக்கிப் பாத்தேன். எல்லாம் அடியில போயி ஒண்ணோட ஒண்ணு கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கு. வாயில்லாச் சீவனக் கொன்னுபோட்டுட்டா பிள்ளைக்குக் கலியாணம் பண்ணுவாக? அதுவும் போக, நான் வேணும்னே செய்தேன்னு ஏற்கனவே சொல்லிட்டா. இப்பம் இது செத்துச்சுன்னா அவ சொன்னது நெசமாயிரும்லா."

அவள் வாளியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் சாக்கில் விட்டாள். "அவகிட்டச் சொல்லாதிய சார்" என்றாள்.

நான் சொல்லவில்லை. ருக்குவிடம் மட்டும்தான் சொன்னேன். அது பிளாக் முழுக்கச் சொன்னதற்குச் சமம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மிச்ச நாட்களும் அழகர்சாமி வீட்டுக் கூலர் வெறும் அனலை அடித்துக்கொண்டிருந்தது. ராத்திரி அவர் பனியனைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார். ஏன் என்று கேட்கவில்லை. அந்த மட்டுக்கு நல்ல மனுஷன்.

ஜலஜா திரும்பி வந்து தட்டியைப் பார்த்தாள். அப்பாவிடம் கேட்டாள். அப்பா அம்மாவைக் காட்டினார். அன்று சாயங்காலம் ஜலஜா தட்டியைக் கொண்டுபோய்க் கூலரில் மாட்டிவிட்டு, சமையலறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாளாம். வேறு பேச்சு இல்லை என்கிறாள் ருக்கு. அது எனக்குப் போதுமானதாகத்தான் படுகிறது.

அதன் பிறகு பெட்டி இரண்டு பேருடையதும் ஆயிற்று. ஜூலையில் மழை வரவில்லை. ஆனாலும் சாக்கு காயவில்லை. மாதக் கடைசியில் ஒரு நாள் காலை வடிவு முற்றத்திலிருந்து கூப்பிட்டாள்.

"ஏட்டி, பொட்டிக்குள்ள வெந்தயம் கெடக்கு. நான் போடல. சத்தியமாப் போடல."

ஜலஜா ஓடிவந்து அதை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெந்தயம் அளவு, வெந்தய நிறம். "அம்மா, இது முட்டை" என்றாள். எருவைக் கொஞ்சம் விலக்கினால் இன்னும் இருந்தது. வெள்ளை நூலாகக் குஞ்சுகளும் நெளிந்தன. வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "நெசமாவே பொழச்சுக்கிட்டுதே" என்றாள். அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை என்று தெரிந்தும்தான் சந்தோஷப்பட்டாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி மேடம் எட்டுப் பெட்டியையும் பார்த்தாள். நாலு பெட்டி ஜூன் வெயிலிலேயே போய்விட்டிருந்தன. இரண்டில் புழு இருந்தது, முட்டை இல்லை. மிச்சம் இரண்டில் ஒன்று ஜலஜாவுடையது. இடம் கிடைத்துவிட்டது. "உத்தரவு வந்தாச்சு" என்றார் அழகர்சாமி. மச்சானுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று நாலு நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் வடிவுதான், "எழுத வேண்டாம். வாக்குக் கொடுத்தது நானு. நானே நேர்ல சொல்லிக்கிடுதேன்" என்றாள். அண்ணன் தாம்பூலம் மாற்றுவதற்காக ஏற்கனவே டிக்கெட் எடுத்திருந்தார். ஜலஜா புழு வளர்க்கிறாள் என்பது மட்டும்தான் கடிதத்தில் அவருக்குப் போயிருந்தது, நிபந்தனை போகவில்லை.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இராஜமாணிக்கம் வந்தார். நல்ல உயரம், சிரித்த முகம். இரண்டு நாள் ரயிலில் வந்த களைப்போடு ஒரு கூடை வெற்றிலை பாக்கும், பட்டுப்புடவைப் பொட்டலமும், கருப்பட்டிச் சிப்பமும் இறக்கினார். வடிவு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலையும் தேங்காயும் வாங்கி வந்திருந்தாள். அண்ணனுக்குப் பிடித்த உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அவியலும் செய்தாள். விருந்தாளி தனியாகச் சாப்பிடக் கூடாது என்று என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று இலை போட்டிருந்தது. அழகர்சாமி மதர் டெய்ரி பூத்துக்குத் தயிர் வாங்கப் போனவர் வந்தபாடில்லை. தைரியம் வேண்டிய நேரங்களில் அவருக்குத் தயிர் தேவைப்படும்.

இராஜமாணிக்கம் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். "ஆவணி இருவத்தொண்ணு நல்ல முகூர்த்தம் வடிவு. மண்டபம் சொல்லியாச்சு."

வடிவு சோற்றுப் பாத்திரத்தோடு நின்றாள். கரண்டியை எடுக்கவில்லை. "அண்ணே, சாப்பிட்ட பெறகு சொல்லலாம்னு நெனச்சேன். ஆனா கை நனைச்ச பெறகு சொன்னா ஏமாத்துன மாதிரி ஆயிரும். இப்பவே சொல்லிருதேன். ஜலஜாவுக்கு எடம் கெடச்சுட்டு. ரெண்டு வருசம் படிக்கப் போறா."

"என்ன படிப்பு? அந்தப் புழுவா?"

"ஆமா. புழுதான்."

அவர் சிரித்தார். "நான் மாசம் நூறு மூட யூரியா விக்கேன். இந்தப் புழுவ வச்சு எந்த வயலு வெளையும்? சரி, படிக்கட்டும். ரெண்டு வருசம் பொறுத்துக்கிடுதேன். அதுக்குப் பெறகு குடுப்பேல்லா?"

இந்த இடத்தில் ஓர் ஆமாம் சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். இரண்டு வருஷத்தில் எத்தனையோ நடக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"மொத வாக்க அவளக் கேக்காமக் கொடுத்துட்டேண்ணே" என்றாள் வடிவு. "அதுவே தப்பு. இன்னொண்ணு கொடுக்க மாட்டேன். இனி அவதான் சொல்லணும்."

இராஜமாணிக்கம் சமையலறை வாசலில் நின்ற ஜலஜாவைப் பார்த்தார்.

"மாமா, என்னால இப்ப ப்ராமிஸ் பண்ண முடியாது" என்றாள் அவள். "பண்ணிட்டு அப்புறம் இல்லேன்னா அது இன்னும் மோசம்."

அவர் சிரிப்பு போய்விட்டது. கோபக்காரர் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "பத்து வருசமா இவதான் மருமகன்னு ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கேன். என் மகனுக்கு வந்த எடத்தையெல்லாம் திருப்பி அனுப்பினேன். எந்த மூஞ்சியோட வண்டி ஏறுவேன் வடிவு?" என்றார். பிறகு எழுந்தார். "வாக்கு இல்லாத வீட்டுல நான் கை நனைக்கக் கூடாது."

"அண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. நான் தங்கச்சிதான்."

அவர் கூடையையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். கரோல்பாக்கில் தெரிந்தவர் வீடு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வடிவு கேட் வரைக்கும் பின்னால் போனாள். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. அதே கேட் வழியாக அழகர்சாமி தயிர்த் தூக்கோடு வந்தார். "மச்சான் எங்க?" என்று கேட்டவர், மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தூக்கைத் தரையில் வைத்தார்.

ஆண்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சமையலறையில்தான் வடிவு சாப்பிடுவாள். பந்தியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நேராக வந்து அண்ணனுக்குப் போட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, சோத்த வையி."

"அம்மா, அப்புறம் சாப்பிடலாம்."

"வையி. எங்க அண்ணன் பேருக்குப் போட்ட எல. அத வெறுமன எடுக்கப்படாது."

ஜலஜா பரிமாறினாள். கொஞ்சம் சோறு இலைக்கு வெளியே சிந்திற்று. வடிவு அதையும் எடுத்து இலையில் சேர்த்துக்கொண்டாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. சொல்வது நியாயமாகவும் இருந்திருக்காது. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கி, துவையலைப் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் முடித்தாள். பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்தாள். எதிர்ப்பக்கம் மடித்தால் உறவு அறும் என்பார்கள். மடித்த இலையின் மேல் எச்சில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.